ஐம்பதாவது குடும்பம்

1986ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பீட்டுப் படிவத்தில் எங்கள் வீட்டில் நான்கு பேர் இருப்பதாக நான் என் கைப்பட எழுதிக் கொடுத்தேன். இருந்தது ஒன்பது பேர். ரொறன்ரோவை ஒட்டிய ஸ்காபரோவில் இரண்டு அறை அப்பார்ட்மென்ட். என் குடும்பம் நான்கு பேர், மனைவியின் தம்பிமார் இருவர், அந்தத் தம்பிமாரின் சிநேகிதர் மூவர். கட்டடத்தைப் பார்த்துக்கொள்ளும் சூப்பர் ஏற்கெனவே லிப்டில் எங்களை முறைத்துப் பார்க்கத் தொடங்கியிருந்தான். படிவத்தில் எழுதுவது வேறு ஒருவருக்கும் போகாது என்று அதன் முதற் பக்கத்திலேயே அச்சடித்திருந்தது. அரசாங்கம் அச்சடித்ததை நம்புகிற ஆட்களாக இருந்தால் நாங்கள் எதற்கு இவ்வளவு தூரம் வந்து குளிரில் நடுங்கிக்கொண்டிருக்கிறோம்?

இதில் பெரிய வெட்கக்கேடு, அந்தக் கணக்கெடுப்பில்தான் எனக்குச் சம்பளம் வந்துகொண்டிருந்தது. ஊரில் நில அளவைக் கந்தோரில் படம் வரைந்தவன் என்று விண்ணப்பத்தில் எழுதியிருந்ததைப் பார்த்து வரைபட அறையில் ஒரு தற்காலிக வேலை தந்திருந்தார்கள். வேலை என்றால் நிறம் தீட்டுவது. மேலதிகாரி ஒரு வெள்ளைக்காரப் பெண்மணி. பென்சில்களைத் தானே சீவி நிறவாரியாக அடுக்கித் தருவார். எந்த ஊருக்கு எந்த நிறம் என்பது தட்டச்சு செய்த பட்டியலில் இருக்கும். முதல் வாரம் வாயைத் திறக்காமல் தீட்டினேன். இரண்டாம் வாரம் எரிச்சல் வந்துவிட்டது.

எரிச்சலுக்குக் காரணம் ஒஷாவா. அது ரொறன்ரோவுக்குப் பக்கத்தில் கிடக்கிறது, ஆனால் அதற்கு வேறு நிறம். வடக்கே சோளமும் மாடும் மட்டுமே இருக்கிற இடங்களுக்கோ ரொறன்ரோவின் நிறம். பட்டியலில் பிழை இருக்கிறது என்று கண்டுபிடித்த சந்தோசத்தில் அதைக் கொண்டுபோய் மேலதிகாரியின் மேசையில் வைத்தேன். அவர் சிரிக்காமல் விளக்கினார். முதலில் ஒரு மையம் வேண்டும், அதில் ஒரு இலட்சம் பேராவது இருக்க வேண்டும். பிறகு சுற்றியுள்ள ஊர்களை ஒவ்வொன்றாக எடுத்து, அங்கே குடியிருந்து வேலைக்குப் போகிறவர்களில் பாதிப் பேராவது இந்த மையத்துக்கு வேலைக்கு வருகிறார்களா என்று பார்க்க வேண்டும். வந்தால் அந்த ஊரை மையத்தோடு சேர்த்துக் கட்டிவிடலாம். ஒஷாவாக்காரருக்கு ஊரிலேயே கார் செய்யும் தொழிற்சாலை இருக்கிறது, அவர்கள் ஏன் இங்கே வரப்போகிறார்கள்? அதனால் ஒஷாவா தானே ஒரு மையம். மையத்தில் பத்தாயிரம் பேர்தான் என்றால் அது சின்னக் கட்டு, அதற்குச் சின்னப் பெயர். இரண்டிலும் அடங்காதவை எல்லாம் மிச்சம். எல்லைக்கு அப்பால் அமெரிக்காவிலும் ஒவ்வொரு மாநிலத்திலும் கவுண்டி என்கிற மாவட்டங்களை ஏறக்குறைய இப்படித்தான் சனத்தொகை பார்த்துக் கட்டுக் கட்டாகக் கட்டி வைத்திருக்கிறார்கள் என்றார்.

நான் படித்த நில அளவையில் ஓர் ஊர் கிடக்கும் இடத்தில்தான் கிடக்கும். இங்கே விடியற்காலையில் கார் எந்தத் திசைக்குப் போகிறதோ ஊரும் அந்தத் திசைக்குப் போய்விடுகிறது. எனக்கு அது பிடித்துப்போய்விட்டது. பஸ்ஸில் பக்கத்தில் இருந்தவர்களுக்கெல்லாம் ஒஷாவாவை விளக்கினேன். ரொறன்ரோ என்ற பெருநகரத்துக்குள் எத்தனை மாடு மேய்கிறது என்று மச்சான்மாரிடம் கேட்டேன். ஒரு நாள் கறி தாளித்துக்கொண்டிருந்த மனைவி அகப்பையோடு திரும்பினாள்.

"இஞ்சேருங்கோ, உந்த ஒஷாவாக் கதையை இனி இந்த வீட்டில எடுக்கக் கூடாது."

வீட்டில் எடுக்கக் கூடாது என்றபடியால் எங்கள் தமிழ்ச் சங்கத்தில் எடுத்தேன்.

எங்கள் சங்கத் தலைவர் ஊரில் வங்கி முகாமையாளராக இருந்தவர். இங்கே டவுன்டவுனில் ஒரு கண்ணாடிக் கட்டடத்துக்குச் செக்கியூரிட்டி. அங்கே யார் உள்ளே வரலாம் என்பதை அவர் தீர்மானிக்க முடியாது, வந்தவரின் பெயரைக் கொப்பியில் எழுதத்தான் முடியும். அந்தக் குறையை ஞாயிற்றுக்கிழமைகளில் சங்கத்தில் தீர்த்துக்கொள்வார். கூட்டம் எங்கள் கட்டடத்தின் கீழ்த்தளத்தில் பிறந்தநாள் கொண்டாடுவதற்கென்று விட்டிருந்த மண்டபத்தில் நடக்கும். பின்சுவரில் முதல் நாள் ஊதிய பலூன்கள் வற்றித் தொங்கும்.

அன்றைய பிரச்சினை செத்தவீட்டுச் சாப்பாடு. தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். எங்கள் ஆட்களில் ஒரு வீட்டில் சாவு விழுந்தால், தகனம் நடக்கும் நாளில் அந்த வீட்டில் அடுப்பு மூட்டுவதில்லை. அயலவர்கள் சமைத்துக் கொண்டுபோய்க் கொடுக்க வேண்டும். செத்தவீட்டார் சாப்பாடு கேட்கமாட்டார்கள், கேட்கவும் கூடாது. மற்றவர்களும் 'கொண்டுவரட்டோ' என்று கேட்பதில்லை, அப்படிக் கேட்பது மரியாதை இல்லை. சேதி தெரிந்தால் சோறு வரும், அவ்வளவுதான். ஊரில் அயல் என்றால் யார் என்று எல்லாருக்கும் தெரியும். ரொறன்ரோவில் அயல் என்றால் பக்கத்துக் கதவில் ஒரு போர்த்துக்கீசக் கிழவர் இருப்பார். ஆகவே சேதி கேட்டவர்கள் எல்லாரும் சமைத்தார்கள். அந்த மாதம் நடந்த ஒரு செத்தவீட்டில் பதினொரு சட்டி பருப்பு வந்து சேர்ந்தது, சோறு இரண்டு சட்டிதான். திறக்காமலே திரும்பிப்போன பருப்புச் சட்டிக்காரிகள் மூவர் இன்னும் ஒருவரோடொருவர் பேசுவதில்லை.

"உது வெக்கக்கேடு," என்றார் தலைவர். "ஒரு ஒழுங்கு வேணும். ஆர் ஆருக்கு அயல் எண்டு எழுத்தில இருக்க வேணும்."

நான் எழும்பினேன். கனடாவுக்கு வந்த மூன்று வருடத்தில் முப்பது பேர் வாயை மூடிக்கொண்டு நான் சொல்வதைக் கேட்டது அன்றுதான். மையம், பாதிப் பேர், ஒஷாவா எல்லாவற்றையும் சொன்னேன். சுவரில் ஒட்டுவதற்கு நிறம் தீட்டிய படமும் கையோடு கொண்டுபோயிருந்தேன் என்பதை ஒப்புக்கொள்கிறேன். அரைமணித்தியாலத்தில் தீர்மானம் நிறைவேறியது. ஐம்பது குடும்பம் இருந்தால் அது பெருவட்டம். பத்துக் குடும்பம் இருந்தால் சிறுவட்டம். அதற்கும் குறைந்த இடங்கள், உழைக்கிற ஆட்களில் பாதிப் பேர் எந்த வட்டத்துக்கு வேலைக்குப் போகிறார்களோ அந்த வட்டத்தோடு சேரும். சாவு விழுந்தால் அந்தந்த வட்டத்துக்காரர் முறை வைத்துச் சமைக்க வேண்டும், மற்ற வட்டத்துக்காரர் தலையிடக் கூடாது. பெருவட்டத்துக்கு ஓர் உபதலைவரும் உண்டு. இரண்டு பெருவட்டம் சேர்ந்தால் சங்கம் கூட்டமைப்பாகிவிடும் என்று தலைவர் தானாகவே ஒரு வரியைச் சேர்த்துக்கொண்டார். எங்கிருந்து அதை எடுத்தார் என்று நான் கேட்கவில்லை.

பிறகு எண்ணத் தொடங்கினோம். அரசாங்கம் எண்ண வந்தபோது கட்டிலுக்குக் கீழே ஒளித்துவைத்த ஆட்களை எல்லாம் சங்கம் எண்ண வந்தபோது வெளியே எடுத்து விட்டார்கள். அரசாங்கத்துக்கு மூன்று பேர் என்று எழுதிக்கொடுத்த ஒரு வீட்டிலிருந்து எனக்குக் கிடைத்தது ஐந்து குடும்பம். கலியாணம் கட்டாத பெடியன் ஒருவன் தன்னை ஒரு குடும்பமாகப் பதியச் சொன்னான். "கட்டினால் குடும்பம்தானே அண்ணை, இப்பவே போடுங்கோவன்" என்றான். கொழும்பில் விசாவுக்குக் காத்திருந்த தமையனையும் அவருடைய மாமியாரையும் ஒருவர் பதிந்தார். என் வீட்டைப் பற்றி நானே சொல்லிவிடுகிறேன். அரசாங்கத்துக்கு நான்கு பேர். சங்கத்துக்கு ஆறு குடும்பம்.

ஸ்காபரோ ஒரு மூச்சில் பெருவட்டமாகிவிட்டது. மிசிசாகாவில் எவ்வளவு இழுத்தும் நாற்பத்தொன்பது. அங்கே பொறுப்பாக இருந்தவர் தமிழ்நாட்டிலிருந்து வந்த எஞ்சினியர். இல்லாத ஆளை எழுதமாட்டேன் என்று அவர் நின்றுவிட்டார். அங்கே உண்மையாகவே நாற்பத்தொன்பது குடும்பம் இருந்திருக்கிறது, எனக்கு அது அப்போது பெரிய இடைஞ்சலாகத்தான் பட்டது. தலைவர் தினமும் போன் எடுத்து, "ஒண்டு காணாது தம்பி, ஒண்டே ஒண்டு" என்றார்.

அந்த ஒன்றை நான்தான் கண்டுபிடித்தேன். யூனியன்வில்லில் ஒரே ஒரு குடும்பம் இருந்தது. புருசனுக்கு மிசிசாகாவில், விமானங்களுக்குச் சாப்பாடு கட்டுகிற சமையற்கூடத்தில் வேலை. விதிப்படி அவர்கள் மிசிசாகா. அந்த ஊர் ஸ்காபரோவிலிருந்து பத்து நிமிடம், மிசிசாகாவிலிருந்து பனி இல்லாவிட்டால் முக்கால் மணித்தியாலம் என்பது விதிக்குத் தேவையில்லாத விசயம். ஐம்பது என்று எழுதி அடியில் இரண்டு கோடு போட்டேன்.

அந்தக் குடும்பம் எங்களுக்கு வேற்று ஆட்கள் அல்லர். 1983இல் வந்த புதிதில் நாங்களும் அவர்களும் ஒரே பேஸ்மென்டில் இரண்டு வருடம் ஒரே சட்டியில் சாப்பிட்டவர்கள். அந்தக் குடும்பத்துப் பெண் என்னை அண்ணை என்பாள், என் மனைவியை அக்கா என்பாள். எனக்கும் அவள் தங்கச்சிதான். ஒரே பிள்ளை அவள், தாய் இல்லை. ஸ்பொன்சர் பண்ணித் தகப்பனைக் கூப்பிட்டிருந்தாள். தபால் கந்தோரில் போஸ்ட்மாஸ்டராக இருந்து இளைப்பாறிய மனிசன், இருதயத்தில் வருத்தம், ஒருமுறை மாரடைப்பு வந்து தப்பியவர். நல்ல பள்ளிக்கூடம் என்று யாரோ சொன்னதைக் கேட்டு அவர்கள் யூனியன்வில்லுக்கு மாறியிருந்தார்கள். புருசன் விடிய ஐந்து மணிக்குக் காரை எடுத்துக்கொண்டு போனால் அவளும் தகப்பனும் சின்ன மகளும் அந்த வீட்டில் பூட்டிவைத்ததுபோல் இருந்தார்கள்.

பட்டியல் தபாலில் போன மறுநாளே அவள் போன் எடுத்தாள்.

"அண்ணை, எங்களை என்னத்துக்கு மிசிசாகாவில போட்டிருக்கிறியள்?"

"அவர் அங்கயல்லோ வேலைக்குப் போறார் தங்கச்சி. உழைக்கிற ஆக்களில பாதிப்பேர் போற இடத்தோடதான் சேர்க்கிறது."

"எங்கட வீட்டில உழைக்கிறது ஒராள்தானே?"

"அப்ப நூறு வீதம்," என்றேன். எவ்வளவு திருப்தியோடு சொன்னேன் என்பது இன்னும் என் காதில் இருக்கிறது.

"நான் வீட்டில செய்யிறது வேலை இல்லையோ?"

"சம்பளத்துக்குப் போற வேலையைத்தான் எண்ணுறது."

"அண்ணை, பகிடியை விடுங்கோ. அப்பாவுக்கு ஒருக்கா வந்து போட்டுது. டொக்டர் திரும்பவும் வரும் எண்டுறார். ஏதும் நடந்தால் எனக்கு ஆர் இருக்கினம்? மிசிசாகாவில எனக்கு ஒருத்தரையும் தெரியாது. அக்காவையும் உங்களையும்தான் தெரியும். எங்களை உங்களோட போட்டு விடுங்கோ," என்றாள்.

தலைவரிடம் கேட்டுச் சொல்கிறேன் என்றேன். கேட்டேன். அவர் பதறிப்போனார். அந்தக் குடும்பத்தை எடுத்தால் மிசிசாகா நாற்பத்தொன்பது. நாற்பத்தொன்பது என்றால் சிறுவட்டம், கூட்டமைப்பும் இல்லை. கூட்டமைப்பு என்று தலைப்புப் போட்ட கடிதத்தாள் ஏற்கெனவே அச்சுக்குப் போய்விட்டது. "ஒரு ஆளுக்காண்டி விதியை வளைச்சால் நாளைக்கு எல்லாரும் வளைக்கச் சொல்லுவினம் தம்பி," என்றார். உலகத்தில் இல்லாத குடும்பங்களால் பாதி நிரம்பிய பட்டியல் அவர் மேசையில் இருந்தது. நான் தலையாட்டினேன். தலைவர் பயத்தில் அப்படிச் சொன்னார். நான் தலையாட்டியது பயத்தில் இல்லை. விதி என்னுடையது, படம் என்னுடையது, அதில் ஒரு புள்ளியைக்கூட நிறம் மாற்ற எனக்கு மனம் வரவில்லை.

மார்கழி மாதத்துச் சனிக்கிழமை ஒன்றில் தங்கச்சியை ஸ்காபரோவில், வோபர்ன் பக்கத்துக் கடையில் கண்டேன். குளிர்பெட்டியில் முருங்கைக்காய் வந்திருக்கிறது என்று கேள்விப்பட்டு இரண்டு பஸ் மாறி வந்திருந்தாள், தகப்பனையும் மகளையும் கூட்டிக்கொண்டு. தகப்பன் குளிர்பெட்டியில் ஒரு கையை ஊன்றியபடி மூச்சு வாங்கிக்கொண்டு நின்றார். என்னைக் கண்டதும் முகம் மலர்ந்தது.

"தம்பி, நான் இப்ப எந்த ஊர்?"

"மிசிசாகா ஐயா," என்றேன்.

"நான் நாற்பது வருசம் தபால் கந்தோரில இருந்தனான். ஆள் எங்க இருக்கோ அங்கதான் கடிதம் குடுத்தனாங்கள். மருமோன் வேலை செய்யிற இடத்தில கொண்டுபோய்க் குடுக்கேல்லை."

கடைக்காரர் சிரித்தார், அவளும் சிரித்தாள். எனக்குச் சுள்ளென்று ஏறியது. ஒரு போஸ்ட்மாஸ்டருக்குப் புள்ளிவிபரம் எங்கே விளங்கப்போகிறது என்று நினைத்தேன். "பொங்கலுக்குப் பிறகு பாப்பம்," என்று அவளிடம் சொல்லிவிட்டு அரிசி மூட்டையைத் தூக்கித் தோளில் வைத்துக்கொண்டு வெளியே வந்துவிட்டேன். பஸ் தரிப்பில் அவர்கள் மூவரும் நிற்பதை என் மச்சானின் காரிலிருந்து பார்த்தேன். காரில் இடம் இருந்தது, காரைத் திருப்பச் சொல்லலாமா என்று யோசித்தேன், அதற்குள் சிக்னல் பச்சைக்கு மாறிவிட்டது.

பொங்கல் விழா நன்றாக நடந்தது. கூட்டமைப்பு பிரகடனம் செய்யப்பட்டது. தலைவர் இரண்டு உபதலைவர்களுக்கு நடுவில் நின்று படம் எடுத்துக்கொண்டார். மிசிசாகா எஞ்சினியருக்கு உபதலைவர் என்றால் என்ன செய்ய வேண்டும் என்று யாரும் சொல்லவில்லை. அவர் என்னிடம் வந்து, "சார், இது என்ன போஸ்ட்டுன்னு கொஞ்சம் சொல்லுங்களேன்" என்றார். சாவு விழுந்தால் முறை வைத்துச் சமைப்பது உட்பட எல்லாம் பட்டியலில் இருக்கிறது என்றேன். பட்டியலில் தொலைபேசி இலக்கங்கள் இருந்தன. ஊரின் பெயர் எதிலும் இல்லை, வட்டத்தின் பெயர்தான் இருந்தது. பொங்கலுக்குப் பிறகு பார்ப்பதாகச் சொன்னதை நான் பார்க்கவில்லை.

மாசி மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை காலை அவளுடைய புருசன் போன் எடுத்து, மாமா போய்விட்டார் என்றான். முகம் கழுவப் போனவர் அங்கேயே விழுந்திருக்கிறார். அம்புலன்ஸ் வந்ததாம், பிரயோசனம் இல்லை. வியாழக்கிழமை தகனம் என்று தெரிந்தது.

வியாழன் விடிய நான் எழும்பி வர, மனைவி மேல்தட்டிலிருந்து பெரிய சட்டியை இறக்கிக்கொண்டிருந்தாள்.

"என்ன செய்யிறீர்?"

"சோறு போடப்போறன். ஒரு மரக்கறியும் வைச்சால் காணும். கொண்டுபோய்க் குடுத்திட்டு நான் ஷிப்டுக்குப் போவன்."

"அது மிசிசாகா முறை."

அவள் சட்டியைக் கையில் வைத்துக்கொண்டே என்னைப் பார்த்தாள். "உங்களுக்கென்ன விசரோ? அந்தப் பிள்ளை எங்களோட இருந்தவள்."

நான் பொறுமையாக விளக்கினேன். கூட்டமைப்பின் முதல் சாவு இது, மிசிசாகாக்காரரின் முதல் முறை. நாங்கள் ஒரு சட்டி சோற்றோடு போய் நின்றால் அவர்கள் கொண்டுவந்ததை அவமதித்ததாகிவிடும். பருப்புச் சட்டிக் கதை மறந்துபோச்சோ? அதோடு விதியை எழுதியவனே மீறினால் யார் மதிப்பார்கள்? தலைவருக்கும் போன் எடுத்தேன், அவரும் அதையே சொன்னார். மனைவி சட்டியை மேசையில் வைத்துவிட்டு உடுப்பு மாற்றப் போனாள். அதைத் திருப்பித் தூக்கி மேல்தட்டில் வைத்தது நான்தான்.

தகனத்துக்கு ஸ்காபரோவே திரண்டு வந்திருந்தது. கொட்டுகிற பனியில் நாற்பது ஐம்பது பேர். பெண்பிள்ளை ஒருத்திதான் என்றபடியால் மருமகனே எல்லாக் கிரியையும் செய்தான். எல்லாரும் முறைப்படி துக்கம் விசாரித்தார்கள், முறைப்படி கண் கலங்கினார்கள். முடிந்ததும் என் மனைவி அவளைக் கட்டிப்பிடித்து அழுதுவிட்டு நேரே தொழிற்சாலைக்குப் போய்விட்டாள். அவளுக்கு லீவு கிடைக்கவில்லை. மற்றவர்கள் யூனியன்வில் வீட்டுக்கு வந்தோம். நான் அந்த வீட்டுக்குள் கால் வைத்தது அன்றுதான் முதல் தடவை. ஸ்காபரோவிலிருந்து பன்னிரண்டு நிமிடம் பிடித்தது, பனியிலும்.

சமையலறை மேசையைத் துடைத்து, மெலமைன் தட்டுகளை அடுக்கி, கரண்டிகளைத் துணியில் போட்டு வைத்திருந்தார்கள். மேசையின் நடுப்பகுதியை வெறுமையாக விட்டிருந்தார்கள். சட்டிகள் வந்தால் வைப்பதற்கு இடம். அடுப்பின் மேல் ஒன்றும் இல்லை. நான் வாசலைப் பார்த்தேன். மிசிசாகா எஞ்சினியரும் மனைவியும் உள்ளே வந்து சப்பாத்தைக் கழற்றினார்கள். இருவர் கையிலும் ஒன்றும் இல்லை. இன்னும் கார் வரவேண்டியிருக்கும் என்று நினைத்து ஜன்னல் பக்கம் போனேன். வெளியே பனிதான் இருந்தது.

நான் எஞ்சினியரை ஒரு பக்கமாகக் கூப்பிட்டு, சாப்பாடு யார் கொண்டுவருகிறார்கள் என்று மெல்லக் கேட்டேன். அவர் முகம் வெளிறிவிட்டது.

"நாங்களா சார்? யூனியன்வில் எங்க ஏரியாவா? மேப்புல பக்கத்துலயே இல்லையே!"

"பட்டியலில இருக்குது," என்றேன்.

"நேத்து ராத்திரி இவ சாதம் கட்டி எடுத்துட்டுப் போலாம்னுதான் சொன்னா. நான்தான் வேணாம்னேன். உங்க ஊர்ப் பழக்கம் எப்படின்னு எங்களுக்குத் தெரியாது. சாவு வீட்ல வெளியாளு சமைச்சுக் கொண்டுபோனா தப்பா ஆயிடுமோன்னு பயம். ஸ்காபரோல இவ்வளவு பேர் இருக்கீங்க, பத்து நிமிஷத்துல இருக்கீங்க. நீங்க செய்யாம இருப்பீங்களா சார்?"

அவர் என்னைக் குற்றம் சொல்லவில்லை. உண்மையாகவே கேட்டார்.

சேதி வரவேற்பறையில் பரவியது. ஒவ்வொருவராகக் கைக்கடிகாரத்தைப் பார்த்தார்கள். பிள்ளையள் பள்ளிக்கூடத்தால வரப்போகுதுகள் என்று இரண்டு பேர் எழும்பினார்கள். றோட்டு மோசமாகப் போகுது என்று நான்கு பேர். தலைவர் தன் ஷிப்டுக்கு நேரமாகிவிட்டது என்று கோட்டை மாட்டிக்கொண்டார். போகும்போது என் தோளில் தட்டி, "அடுத்த கூட்டத்தில இதைப் பற்றி விரிவாகக் கதைப்பம் தம்பி," என்றார். சோறு கொண்டுவராதவர்கள் எவ்வளவு வேகமாக ஒரு வீட்டைக் காலி செய்ய முடியும் என்பதை அன்றுதான் பார்த்தேன். ஒரு இளந்தாரி "பிட்சா ஓர்டர் பண்ணுவமோ?" என்று கேட்டான். மூலையில் இருந்த ஓர் அன்ரி அவனைப் பார்த்த பார்வையில் அவனும் சப்பாத்தைத் தேடத் தொடங்கினான்.

நானும் போயிருக்கலாம். காலையிலிருந்து நான் செய்துவந்ததைப் பார்த்தால் போயிருக்க வேண்டியவன்தான். ஆனால் போகவில்லை. எனக்கு வெட்கமாக இருந்தது. அந்த மனிசன் குளிர்பெட்டியில் கையை ஊன்றிக்கொண்டு நின்றது ஞாபகத்துக்கு வந்து வந்து போனது, அதைவிட அந்தச் சட்டியை நான் தூக்கி மேலே வைத்தது.

தங்கச்சி குளித்துவிட்டு, ஈரத்தலையில் ஒரு துவாயைச் சுற்றிக்கொண்டு படியால் இறங்கி வந்தாள். மகள் பின்னால் வந்து அவளுடைய சீலையைப் பிடித்துக்கொண்டு, "அம்மா, ஐ ஆம் ஹங்ரி" என்றது. அவள் சமையலறை வாசலில் நின்றாள். அடுக்கிய தட்டுகளைப் பார்த்தாள், மேசை நடுவைப் பார்த்தாள், பிறகு என்னைப் பார்த்தாள். அவளுக்கு ஒன்றையும் விளக்க வேண்டியிருக்கவில்லை.

"தங்கச்சி, நான் வீட்டை போய் ஒரு மணித்தியாலத்தில சமைச்சுக் கொண்டு வாறன். அடுப்பு மூட்டாதை," என்றேன். என் குரல் எனக்கே கேவலமாகக் கேட்டது. எனக்குத் தேத்தண்ணி வைக்கவே தெரியாது என்பது அந்தப் பேஸ்மென்டில் இரண்டு வருடம் இருந்தவளுக்குத் தெரியும். எஞ்சினியரின் மனைவி ஓடி வந்து, "நான் செய்றேம்மா, நீங்க போய் உக்காருங்க," என்று அவள் கையைப் பிடித்தாள்.

"பரவாயில்லை அக்கா. நீங்கள் வேணுமெண்டால் வெங்காயம் உரிச்சுத் தாங்கோ," என்றாள் அவள். குனிந்து கீழ் அலுமாரியிலிருந்து ஒரு பெரிய சட்டியை எடுத்தாள். பேஸ்மென்டில் நாங்கள் எல்லாரும் சாப்பிட்ட அதே அளவுச் சட்டிதான். தகப்பனை எரித்துவிட்டு வந்து ஒரு மணித்தியாலம் ஆகவில்லை.

அரிசி வாளியின் மூடியைத் திறந்துகொண்டே, "அண்ணை, எத்தினை பேர் நிக்கினம் எண்டு ஒருக்கா எண்ணிச் சொல்லுங்கோ," என்றாள்.

குத்திச் சொல்கிறாளோ என்று அவள் முகத்தைப் பார்த்தேன். அப்படி ஒன்றும் இல்லை. களைப்புத்தான் இருந்தது. அரிசி போடுவதற்கு எத்தனை பேர் என்று தெரிய வேண்டும், கேட்கிறாள்.

வரவேற்பறைக்குப் போய் எண்ணினேன். ஒருமுறை எண்ணி, சரிபார்க்க இன்னொரு முறை எண்ணினேன். திரும்பி வந்து, "பன்னிரண்டு," என்றேன்.

அவள் சுண்டுப் பேணியால் அரிசி அளந்து சட்டியில் போட்டாள். மூன்று சுண்டு போட்டபின் கை நின்றது.

"உங்களைச் சேர்த்தோ?"

"சேர்க்கேல்லை," என்றேன்.

அவள் வாளிக்குள் கையை விட்டு இன்னொரு பிடி அரிசி அள்ளிப் போட்டாள். சட்டியைக் கொண்டுபோய் அடுப்பில் வைத்து, அடுப்பைப் போட்டாள்.